இரும்புச் சாமான் எந்தக் கடையில் வாங்குவது?

விதையும் உரமும் வாங்கும்போது காட்டும் கவனத்தை ஆணி, கம்பி, குழாய், சிமெண்ட், பூட்டு வாங்கும்போது உழவர்களில் பலர் காட்டுவதில்லை. விதை மோசமானால் ஒரு போகம் நட்டம். ஆனால் மண்ணுக்குள் புதைத்த குழாயும் தளத்துக்குள் கட்டிய கம்பியும் மோசமானால் அவற்றைத் தோண்டி எடுத்து மாற்றுவதற்கு வாங்கிய விலையைவிட அதிகம் செலவாகும். பயிர் நிற்கும் சமயத்தில் குழாய் வெடித்தால் அந்தப் போகமும் போய்விடும். ஆகவே எதை வாங்குவது என்பதைப் போலவே, எங்கே வாங்குவது என்பதையும் முன்கூட்டியே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். காமராசர் அணைக்குக் கீழே தென்னை, வாழை, நெல், காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்குப் பொருள் வாங்க மூன்று வகையான இடங்கள் உள்ளன. முதலாவது, ஊரிலோ செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், சின்னாளபட்டி போன்ற பக்கத்து ஊர்களிலோ உள்ள சிறு கடை. இரண்டாவது, திண்டுக்கல் நகரத்துப் பெரிய இரும்புக் கடையும் சிமெண்ட் கிடங்கும். மூன்றாவது, பொருளைச் செய்பவரின் பட்டறை. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் நம்பி எல்லாவற்றையும் வாங்குவது சரியன்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற இடம் வேறு. பொருள் கெட்டால் யாரிடம் திருப்பிக் கொண்டு போவோம், அவர் பதில் சொல்வாரா என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் ஏற்ற இடம் எது என்பது விளங்கிவிடும்.

பக்கத்தில் வாங்க வேண்டியவை

போல்ட், நட்டு, வாஷர், ஆணி, குழாய் இணைப்புகள், பசை, ஃபியூஸ் கம்பி, சுவிட்ச் ஆகியவை அவசரத்துக்குத் தேவைப்படுபவை. அளவு தவறிவிட்டால் உடனே மாற்ற வேண்டியவையும் இவைதான். இவற்றைப் பக்கத்துக் கடையில் வாங்குவதே நல்லது. விலையில் சில ரூபாய் கூடினாலும் பஸ் கட்டணமும் அரை நாள் வேலையும் மிச்சமாகும். பழைய உதிரியைக் கையில் எடுத்துச் சென்று, அதனுடன் ஒப்பிட்டு வாங்குங்கள்.

மோட்டார், தெளிப்பான் போன்றவற்றை வாங்கும்போது விலையைக் கேட்கும் முன், பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார், உதிரிப் பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேளுங்கள். உதிரிக்காக நான்கு நாள் காத்திருக்கும் மோட்டார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவாகாது.

நகரத்தில் வாங்க வேண்டியவை

கட்டுமானக் கம்பி, சிமெண்ட், தகர ஷீட், வேலிக் கம்பி, நூறு அடிக்கு மேல் தேவைப்படும் குழாய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கும்போது நகரத்துக் கடையில் விலை குறையலாம். ஆனால் வண்டி வாடகையையும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 20 மூட்டை சிமெண்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் மூட்டைக்கு 15 ரூபாய் குறைவு என்றால் மிச்சம் 300 ரூபாய். வண்டி வாடகை 700 ரூபாய் என்றால் 400 ரூபாய் நட்டம். அதே வண்டியில் 500 கிலோ கம்பியும் சேர்த்து ஏற்றி, கம்பிக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவாகக் கிடைத்தால் மொத்த மிச்சம் 1,300 ரூபாய். வாடகை போக 600 ரூபாய் லாபம். ஆகவே தேவையை முன்பே எழுதி வைத்து, ஒரே நடையில் ஏற்ற வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்துகொண்டால் வாடகை பாதியாகும்.

கிடங்கைப் பாருங்கள்

கடையின் முகப்பைவிடக் கிடங்கு முக்கியம். சிமெண்ட் மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும், அதைப் படியுங்கள். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டின் வலு கணிசமாகக் குறையும். ஈரம் பட்டால் அதற்கு முன்பே குறைந்துவிடும். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாகவும் மாவு போலவும் இருக்க வேண்டும். கட்டி தட்டியிருந்தால் வாங்க வேண்டாம்.

பி.வி.சி. குழாய் வெயிலில் நெடுநாள் கிடந்தால் நிறம் மங்கி, எளிதில் உடையும் தன்மையை அடையும். குழாயைத் தெருவோர வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையைவிட நிழலில் வைத்திருக்கும் கடையே மேல்.

எடைக்கு விற்கும் பொருள்கள்

கம்பி, ஆணி, வேலிக்கம்பி முதலியவை எடைக்கு விற்கப்படுகின்றன. எடைக்கருவியில் அரசு முத்திரை இருக்கிறதா, பொருளை வைக்கும் முன் பூச்சியம் காட்டுகிறதா என்று கவனியுங்கள். எடைக்கருவிகளுக்கு முத்திரையிடுவதும் தணிக்கை செய்வதும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் பொறுப்பு.

கட்டுமானக் கம்பியின் எடையை உழவரே கணக்கிடலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றின் எடை கீழே தரப்பட்டுள்ளது.

8 மி.மீ. கம்பி – சுமார் 4.7 கிலோ
10 மி.மீ. கம்பி – சுமார் 7.4 கிலோ
12 மி.மீ. கம்பி – சுமார் 10.7 கிலோ
16 மி.மீ. கம்பி – சுமார் 19 கிலோ

சில சதம் முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள். எண்ணிக்கைக்கு விற்கும் கடையில் மெலிந்த கம்பி வாங்கினால், விலை குறைந்தது போலத் தோன்றும்; உண்மையில் இரும்புதான் குறைந்திருக்கும்.

வேலிக்கம்பியில் இதற்கு நேர்மாறான ஏமாற்றம் உண்டு. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும். 12 கேஜ் கம்பியைவிட 14 கேஜ் கம்பி மெல்லியது. கிலோவுக்கு அதிக நீளம் கிடைக்கும், ஆனால் விரைவில் துருப்பிடித்து அறும். ஆகவே இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கேஜ்தானா என்று முதலில் கேளுங்கள்.

முத்திரையைப் படிக்கும் முறை

கட்டுமானக் கம்பியும் சிமெண்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றி விற்கப்படக் கூடாதவை. முத்திரைப் படம் மட்டும் இருந்தால் போதாது. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். கட்டுமானக் கம்பிக்குத் தர எண் ஐ.எஸ். 1786, பி.வி.சி. தண்ணீர்க் குழாய்க்கு ஐ.எஸ். 4985, வீட்டு மின்வயருக்கு ஐ.எஸ். 694, நீர்மூழ்கி பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034. உரிம எண் உண்மையானதா என்பதைக் கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் எண்ணைப் பதிந்து உடனே பார்க்கலாம். கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு வருந்தமாட்டார்.

குழாயில் அழுத்தத் தாங்கு திறனும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடும். மோட்டாரைத் திடீரென நிறுத்தும்போது ஏற்படும் அதிர்ச்சி அழுத்தம் இதற்கு மேல். கிணற்றிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு நீர் ஏற்றுபவர்கள் உயரத்தைக் கணக்கிட்டு, தேவையைவிடக் கூடுதலான தாங்கு திறனுள்ள குழாயைக் கேட்டு வாங்க வேண்டும். ‘எல்லாம் ஒரே குழாய்தான்’ என்று சொல்லும் கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

பூட்டைச் செய்பவரிடமே வாங்கலாம்

மோட்டார் கொட்டகைக்கும் தானிய அறைக்கும் பூட்டு வாங்க நம் உழவர்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லைச் சேர்ந்த நாகல்நகர், நல்லாம்பட்டி முதலிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் பூட்டு செய்கிறார்கள். மாங்காய்ப் பூட்டு இவற்றில் பெயர் பெற்றது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளின் விலைப் போட்டியால் இந்தத் தொழில் மெலிந்து வருகிறது.

பட்டறைப் பூட்டின் விலை கூடுதல்தான். ஆனால் சாவி தொலைந்தாலும் உள்ளே நெம்பு தேய்ந்தாலும் செய்தவரிடமே கொண்டு போய்ச் சரி செய்யலாம். மலிவான பூட்டு கெட்டால் உடைத்து எறிய வேண்டியதுதான். மின்வயரும் மோட்டாரும் களவு போகும் இடத்தில் பூட்டுக்குக் கஞ்சம் பிடிப்பது சிக்கனமாகாது. திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி வெளியூர்ப் பூட்டை விற்பவரும் உண்டு; செய்தவரின் பெயர் அல்லது பட்டறை முத்திரை பூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மண்வெட்டி, அரிவாள், கோடரிக்கும் இதே முறை பொருந்தும். ஊர்க் கொல்லர் உங்கள் மண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி அடித்துத் தருவார். மழுங்கினால் தோய்த்தும் தருவார்.

கடனும் கமிஷனும்

பக்கத்துக் கடையின் பெரிய வசதி கடன். அறுவடை வரை பொறுத்திருக்கும் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடனுக்கு என்ன விலை தருகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரொக்கத்துக்கு 10,000 ரூபாய். மூன்று மாதக் கடனுக்கு 10,500 ரூபாய் என்றால் மூன்று மாதத்துக்கு 5 சதம், அதாவது ஆண்டுக்கு 20 சத வட்டி. உழவர் கடன் அட்டையின் வரம்பில் பண்ணைச் சாமான்களின் பராமரிப்புக்கும் ஒரு பங்கு சேர்க்கப்படுகிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ விசாரித்து, ரொக்கமாக வாங்க முடியுமா என்று பாருங்கள். கடன் இருக்கும் கடையில் மோசமான பொருளைத் திருப்பிக் கொடுக்க நமக்கே தயக்கம் வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொத்தனாரோ பிளம்பரோ ஒரு கடையின் பெயரைச் சொன்னால், அவர் அனுபவத்தால் சொல்வதாகவும் இருக்கலாம். கடை தரும் கமிஷனுக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். அவரிடம் கடையின் பெயரைக் கேட்பதைவிட, பொருளின் அளவு, தர எண், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டைக் கொண்டு இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்கலாம்.

கைப்பேசி வழியாக வாங்குவதும் இப்போது பரவி வருகிறது. சிறு கருவிகளுக்கு இது உதவும். விலையை ஒப்பிடவும் பயன்படும். கனமான பொருளுக்கும், பார்த்துத் தொட்டு வாங்க வேண்டிய பொருளுக்கும் இது ஏற்றதன்று.

ரசீது இன்றி வாங்க வேண்டாம்

‘பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்’ என்ற பேச்சு பல கடைகளில் கேட்கும். சிமெண்டின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதத்திலிருந்து 18 சதமாகக் குறைந்துள்ளது. மண்வெட்டி, அரிவாள் போன்ற கைக்கருவிகளுக்கு இந்த வரியே கிடையாது. வரிக்கு அஞ்சி ரசீதை விட்டால் பொருள் கெட்டபின் வாங்கியதற்குச் சாட்சியே இருக்காது. ரசீதில் கம்பெனியின் பெயர், அளவு, தர எண், தேதி ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதச் சீட்டு உள்ள பொருளுக்குக் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்க வேண்டும்.

பொருளில் குறை கண்டால் முதலில் கடைக்காரரிடம் ரசீதுடன் சென்று பேசுங்கள். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கடை எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்த வாங்கிய மோட்டாரும் குழாயும் இதில் அடங்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. அவசரப் பொருளைப் பக்கத்திலும், கனப்பொருளை மொத்தமாக நகரத்திலும், பூட்டையும் கைக்கருவியையும் செய்பவரிடமும் வாங்குங்கள்.

2. வண்டி வாடகையைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

3. ஒரே அளவு, ஒரே தர எண், ஒரே கேஜ் உள்ள பொருள்களை மட்டுமே ஒப்பிடுங்கள்.

4. எடையை நேரில் பாருங்கள். முத்திரை எண்ணைச் சரிபாருங்கள்.

5. கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் உள்ள வேறுபாட்டை வட்டியாகக் கணக்கிடுங்கள்.

6. ரசீதை வீடோ கொட்டகையோ உள்ளவரை பத்திரமாக வைத்திருங்கள்.

சிறு விவசாயி வீடும் மோட்டார் கொட்டகையும் கட்டுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான். அந்த ஒருமுறையில் போடும் பணம் பல போகங்களின் சேமிப்பு. கடைக்குப் புறப்படும் முன் ஒரு தாளில் தேவைகளை எழுதி, மேலே சொன்னபடி இடத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கினால் நட்டத்தைத் தவிர்த்துப் பயன் பெறலாம்.