இலக்கை நிறுக்கும் தராசு யாரிடம்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் பருத்தி விளைவிக்கும் உழவருக்கு விலையைப் போலவே எடையும் முக்கியம். வாங்கும் வியாபாரியே தராசையும் பிடித்தால் ஐயம் எழுவது இயல்பு. இதனை உணர்ந்தே 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது; ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தோன்றின. இருதரப்பையும் சாராத தராசு வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நாடுகள் அறிவிக்கும் தட்பவெப்பநிலை இலக்குகளுக்கும் இத்தகைய தராசு தேவையா என்பதை இங்கு காண்போம்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ய நிலையை எட்டுவதாக இந்தியா அறிவித்தது. அதாவது, அப்போது நாம் வெளிவிடும் கரியமில வாயு போன்றவற்றின் அளவும், காடுகள் முதலிய வழிகளில் திரும்ப உறிஞ்சப்படும் அளவும் சமமாகிவிட வேண்டும். இன்று பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவர் அப்போது அறுபது வயதை நெருங்கியிருப்பார். இலக்கை அறிவித்தவர்கள் பொறுப்பில் இருக்க மாட்டார்கள். ஆகவே, நாடு சரியான பாதையில் செல்கிறதா என்பதை இடையிடையே அளந்து சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் அளப்பது அத்தனை எளிதன்று. நம் பக்கத்திலேயே இதற்குச் சான்றுகள் உண்டு.

மூன்று கணக்குகள்

அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில், கமுதியில் 2016இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. நாள் முழுதும் முழுத் திறனுடன் இயங்கினால் ஒரு நாளில் சுமார் 1 கோடியே 55 லட்சம் யூனிட் கிடைக்க வேண்டும். ஆனால் இரவில் சூரியன் ஏது? நம் நாட்டுச் சூரிய மின்நிலையங்கள் ஆண்டுச் சராசரியில் இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தருகின்றன. 2030க்குள் மின்திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராததாக இருக்கும் என்று 2022இல் இந்தியா உறுதி கூறியது. அந்த அளவை 2025லேயே எட்டியும் விட்டது. ஆயினும் அவ்வாண்டில் நாம் பயன்படுத்திய யூனிட்டுகளில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வந்தது. திறன் வேறு, யூனிட் வேறு.

அடுத்த கணக்கு, அருப்புக்கோட்டைத் தறிகளைக் கொண்டு விளங்கும். ஒரு சேலைக்குச் செலவாகும் மின்சாரம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நெய்யும் சேலைகள் மூன்று மடங்கானால் மொத்தச் செலவு ஒன்றரை மடங்காகிவிடும் அல்லவா? உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயுவை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பது என்பது இந்தியாவின் மற்றோர் இலக்கு. இது பயனுள்ளதே, எனினும் மொத்த அளவு குறையும் என்று இதற்குப் பொருளில்லை.

மூன்றாவது, பந்தல்குடிப் பகுதியில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல். சிமெண்ட் தயாரிப்பதற்காக 100 கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் பிரிகின்றன. சூளையைச் சூரிய ஒளியால் சூடாக்கினாலும் கல்லிலிருந்து பிரியும் இவ்வாயு நிற்காது. நிகரக் கணக்கில் உறிஞ்சுதலும் இடம்பெறுவது இதனால்தான்.

சொல்பவர் வேறு, செய்பவர் வேறு

இக்கணக்குகளை அரசே போட்டு, அரசே சரிபார்த்தால் போதுமா? பிரிட்டன் 2008இல் சட்டம் இயற்றி, விஞ்ஞானிகளும் பொருளாதார வல்லுநர்களும் அடங்கிய சுயேச்சையான குழுவை அமைத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாயு வெளியீட்டின் உச்சவரம்பை அக்குழு பரிந்துரைக்கிறது. முன்னேற்றத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கிறது. முடிவு செய்யும் உரிமை அரசுக்கும் நாடாளுமன்றத்துக்குமே உண்டு. ஆனால் பரிந்துரைத்த வரம்பிலிருந்து விலகினால் காரணத்தை வெளியிட்டாக வேண்டும். 2050க்குள் நிகர பூஜ்யம் என்று அக்குழு 2019 மே மாதம் கூறியது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது.

இந்தியாவில் 2007இல் பிரதமர் தலைமையிலும், தமிழ்நாட்டில் 2022இல் முதலமைச்சர் தலைமையிலும் குழுக்கள் அமைந்தன. வல்லுநர்கள் இவற்றில் இடம்பெற்றாலும், முடிவெடுப்பவரே தலைவர். சட்டத்தால் அமைந்த சார்பற்ற தராசு என்று இவற்றைக் கூற இயலாது.

பிரிட்டனை அப்படியே பின்பற்றவும் இயலாது. இந்தியரின் தலைக்கணக்கு வெளியீடு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு; பிரிட்டனோ இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலக்கரி எரித்த நாடு. எவ்வளவு குறைப்பது என்பதோடு, சுமையை யார் ஏற்பது என்பதையும் இங்கு அமையும் குழு சொல்ல வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் திருச்சுழிப் பக்கம் உண்டு. அம்மரங்களை அகற்றும் திட்டம் வந்தால் அவர்களுக்கு மாற்று வழி என்ன என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

இலக்கு தவறினால் விலை கொடுப்பவர் யார்? வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். மழை ஒரேயடியாகக் கொட்டினால் கண்மாய்க் கரை உடையும். பொய்த்தால் மானாவாரிப் பயிர் கருகும். முதலில் பாதிக்கப்படுபவர் வானம் பார்த்த பூமியில் ஏர் பிடிப்பவரே.

எனவே, அடுத்த முறை செய்தித்தாளில் ஓர் இலக்கைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது திறனா, யூனிட்டா? ரூபாய்க்கு இவ்வளவா, மொத்தம் இவ்வளவா? இதை நிறுத்துப் பார்ப்பவர் யார்?