தோட்டக்காரர் தலையசைத்தால் வேட்டை குற்றமில்லையா?

பங்குனி மாதம். நிலக்கடலை காய் பிடித்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மண்பாதையில் இரண்டு பைக்குகள் வந்து நிற்கின்றன. நான்கு இளைஞர்கள், நெற்றியில் கட்டிய டார்ச், கூடவே இரண்டு நாய்கள், சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

“அண்ணா, பன்னி ரொம்ப அட்டகாசம் பண்ணுதாமே. நாங்க பார்த்துக்கிறோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கறியில பங்கு கொடுத்துடறோம்.”

போன வாரம்தான் கால் ஏக்கர் கடலையைப் பன்றிகள் கிளறிப் போட்டிருக்கின்றன. தோட்டக்காரருக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. “சரி, வரப்பை மிதிக்காமப் போங்க” என்கிறார். அதுவரை அவர் பயிரைப் பறிகொடுத்த விவசாயி. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, வனத்துறை வழக்குப் போட்டால் அவரும் குற்றம் சாட்டப்பட்டவர்.

மலையடிவாரக் கிராமங்களில் இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். “பட்டா என் பேரில் இருக்கு, வரி நான் கட்டறேன், என் நெலத்துல நான் யாரை விட்டா என்ன?” என்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பட்டா மண்ணுக்குத்தான். அந்த மண்ணில் ஓடும் பன்றிக்கும் முயலுக்கும் மயிலுக்கும் பட்டா கிடையாது.

அனுமதி கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்பு விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்பது பழைய, மதிப்பான வழக்கம். டெக்சஸ் மாநிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியாருடையது. நில உரிமையாளர் தலையசைக்காமல் அங்கே வேட்டைக்காரர் காலெடுத்து வைக்க முடியாது. ‘உள்ளே வராதே’ என்று பலகை வைப்பதற்குப் பதிலாக மரங்களில் ஊதா நிறக் கோடு தீட்டினாலே போதும், சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும்.

நம் இளைஞர்கள் யூடியூபில் இதைத்தான் பார்க்கிறார்கள். காணொளியில் தெரியாமல் போவது இன்னொரு பாதி. கதவைத் தட்டும் அந்த மனிதரின் சட்டைப்பையில் மாநில அரசு கொடுத்த வேட்டை உரிமம் இருக்கிறது. எந்த மாதத்தில், எந்த விலங்கை, எத்தனை சுடலாம் என்ற கணக்கும் இருக்கிறது. அங்கேயும் மான் விவசாயிக்குச் சொந்தமில்லை. மாநில மக்களின் பொதுச்சொத்தாகவே அது கருதப்படுகிறது. விவசாயி கொடுப்பது நிலத்துக்குள் வர வழி மட்டும்.

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் உரிமம் பெற்று வேட்டையாடினார்கள். நீலகிரி வேட்டைக்காகவே 1879-ல் சென்னை மாகாண அரசு தனிச் சட்டம் போட்டது. ‘எங்க தாத்தா லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போனவர்’ என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் உண்டு. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த வழி முற்றாக அடைபட்டது. இன்று இந்தியாவில் கறிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ வன விலங்கைச் சுட உரிமம் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. அரசே கொடுக்க முடியாததை ஒரு விவசாயி எப்படிக் கொடுப்பார்?

சட்டம் எதை வேட்டை என்கிறது?

துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் வேட்டை என்று நினைத்தால் தவறு. விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, வலை விரிப்பது, நாயை விட்டுத் துரத்திப் பிடிப்பது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சிதைப்பதும்கூட இந்த விளக்கத்துக்குள் வருகின்றன. நடந்த இடம் காப்புக்காடா, புறம்போக்கா, பட்டா நிலமா என்ற வேறுபாட்டைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பார்ப்பதில்லை. கொல்லப்பட்ட விலங்கு 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. ஆகவே ‘கறியில் பங்கு’ என்பது அரசுச் சொத்தில் பங்கு கேட்பது.

2022-ல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மயில், யானை, உடும்பு, எறும்புத்தின்னி போன்றவை முதல் அட்டவணையில் உள்ளன. இவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றி, புள்ளிமான், முயல் ஆகியவை இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. இவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில வழக்குகளில் வனத்துறை இணக்கத் தொகை பெற்று விடுவிப்பது உண்டு. ஊரில் இதை ‘ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்’ என்று லேசாகச் சொல்வார்கள். அந்தத் தொகையின் உச்சவரம்பு இப்போது 5 லட்சம் ரூபாய். முதல் அட்டவணை விலங்கு என்றால் அந்த வழியும் கிடையாது.

பொங்கலை ஒட்டிய முயல் வேட்டைக்கும், சில கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாரி வேட்டைக்கும் இதே சட்டம்தான். வழக்கம் எத்தனை தலைமுறை பழையது என்று நீதிமன்றத்தில் சொல்லி வழக்கிலிருந்து வெளியே வர முடியாது.

‘நான் சுடலையே’ என்றால்?

அனுமதி கொடுத்த விவசாயி முதலில் சொல்வது இதைத்தான். சட்டத்தின் 52-ஆம் பிரிவு குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவரையும் குற்றம் செய்தவராகவே கருதுகிறது. தெரிந்தே வழி விட்டவர், மோட்டார் கொட்டகையில் கறி வெட்ட இடம் கொடுத்தவர், பங்கு வாங்கியவர் எல்லோரும் இதில் சிக்கலாம். கொட்டகையில் மான் கறியோ தோலோ இருந்து, அது ஒருவரது பொறுப்பில் இருந்தது என்று காட்டப்பட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே முதலில் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

பறிமுதலாகும் பைக், துப்பாக்கி, வலை, டார்ச் எதுவும் எளிதில் திரும்பி வராது. பயிர்க் காவலுக்காக முறைப்படி உரிமம் வாங்கி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். ஆயுத உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. பன்றியைச் சுட உரிமை தருவதில்லை. வேட்டை வழக்கில் தண்டனை பெற்றால் அந்த உரிமமும் ரத்தாகலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விலங்கு பாய்ந்து வரும்போது தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு அதைக் கொன்றால் குற்றமாகாது. ஆனால் வேட்டைக்குப் போன இடத்தில் பன்றி திருப்பித் தாக்கியது என்று சொல்லி இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது.

பன்றிக்கு வைத்தது யாருக்குப் போகும்?

2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சினையாக இருந்த ஒரு காட்டு யானை வாய் சிதைந்த நிலையில் வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டது. அது கடித்தது காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்ட வெடி என்றது விசாரணை. தமிழ்நாட்டில் இதன் பெயர் அவுட்டுக்காய். மேய்ச்சலுக்குப் போகும் மாடும் இதைக் கடிக்கும். வெடியை உருட்டும்போதே விரல்களை இழந்தவர்களும் உண்டு. இதற்கு வெடிபொருள் சட்டத்தின் கீழ் தனி வழக்கு.

2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றியைத் தடுக்க விவசாய நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றி நின்ற படம் மாநிலம் முழுவதும் பரவியது. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார்.

யானை செத்தால்தான் செய்தி என்றில்லை. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரர், மாடு தேடிப் போன சிறுவன், சில இடங்களில் வேலி போட்டவரின் சொந்த மகனே இப்படி மின்சாரம் பாய்ந்து இறந்திருக்கிறார்கள். அப்போது வழக்கு வன உயிரினச் சட்டத்தோடு நிற்காது. கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமும், கொக்கி போட்டிருந்தால் மின்திருட்டும் சேரும். இருட்டில் புதர் அசைவதைப் பார்த்துப் பன்றி என்று சுட்டதில் உடன் போனவரே விழுந்த சம்பவங்களும் உண்டு. பைக் கிளட்ச் கம்பியில் கட்டும் சுருக்கில் சிறுத்தை மாட்டினால் முதல் அட்டவணை வழக்குதான்.

மறுக்கும் உரிமை உங்களுடையது

வேட்டைக்கு அனுமதி கொடுக்கும் உரிமை விவசாயிக்கு இல்லை. மறுக்கும் உரிமை முழுக்க இருக்கிறது. சொல்லாமல் இரவில் நிலத்துக்குள் குற்றம் செய்யும் நோக்கோடு நுழைவது அத்துமீறல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இந்த மறுப்புக்கு நம் ஊரிலேயே பழைய முன்மாதிரி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு வேட்டைக்குத் தடை வாங்கினார்கள். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு.

சேதத்துக்கு என்ன வழி?

வேடந்தாங்கல் பறவை உரம் தந்தது. காட்டுப்பன்றி எதையும் தருவதில்லை என்பது உண்மை. ‘சட்டம் பேசறவங்க வந்து ஒரு ராத்திரி காவலுக்கு இருந்து பாக்கட்டும்’ என்ற விவசாயியின் கோபத்தில் நியாயம் உண்டு. வழி இருக்கிறது, ஆனால் அது அலுவலகம் வழியாகத்தான் போகிறது.

முதலாவது, காட்டுப்பன்றி. இது பற்றித் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர் இடம்பெறும் கிராமக் குழு மூலம் கோரிக்கை போக வேண்டும். சுடுவது வனத்துறைதான், பக்கத்து ஊர் இளைஞர்கள் அல்ல. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிடலாம் என்பதால், எல்லையோர ஊர்களில் ‘அங்கே விடறாங்களே’ என்ற பேச்சு எழுகிறது. அது அங்குள்ள ஏற்பாடு. எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டினால் செல்லாது.

இரண்டாவது, இழப்பீடு. சேதத்தைப் பார்த்த அன்றே, நிலத்தைச் சீர்ப்படுத்துவதற்கு முன்பே, படம் எடுத்துவிட வேண்டும். கால்தடமும் கிளறிய மண்ணும் தெரிய வேண்டும். சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது.

மூன்றாவது, காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குச் சேதத்தையும் 2026 காரிஃப் பருவம் முதல் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசு அறிவிக்கும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறிப்போடு கூடிய படத்துடன் செயலியில் பதிய வேண்டும். பிரீமியம் கட்டும்போதே தங்கள் பகுதி இதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது, வேலி. சோலார் வேலி விலங்கைக் கொல்லாது, அதிர்ச்சி கொடுத்து விரட்டும். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் போடும் மின்வேலிகளை 2023-ல் வந்த தமிழ்நாட்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த சோலார் வேலியும் கொக்கி போட்ட கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம்; வழக்கில் இரண்டும் ஒன்றல்ல.

மீண்டும் அந்தப் பைக்குகள் வந்து நின்றால், “வேண்டாம் தம்பி, போயிட்டு வாங்க” என்ற ஒரு வார்த்தை போதும். மிரட்டினால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-ஐ அழைக்கலாம். தோட்டத்து மோட்டார் அறைச் சுவரில் லைன்மேன் எண்ணைக் கரியால் எழுதி வைத்திருப்பீர்கள். அதற்குக் கீழேயே உங்கள் பகுதி வனவர் எண்ணையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.