விருந்தும் புலமையும்

உண்ட விருந்து ஒரு நாளில் முடிந்துவிடும். புலவர் உள்ளத்தில் பதிந்த விருந்தோ காலங்கடந்து நிற்கும். ஏதென்சு நகரில் அகத்தான் என்னும் நாடகப் புலவர் கி.மு. 416-இல் தாம் பெற்ற வெற்றியைக் கொண்டாடினார். அவ்விருந்தைக் களமாகக் கொண்டே பிளேட்டோ அன்பின் இயல்பை ஆராயும் நூலொன்றை இயற்றினார். தமிழகத்திலோ, விருந்தைப் பாட்டின் பொருளாக்கும் கலை சங்க காலத்திலேயே சிறந்து விளங்கிற்று.

முடத்தாமக்கண்ணியார் இயற்றிய பொருநராற்றுப்படை 248 அடிகளை உடையது. கரிகால் வளவன் அளித்த விருந்து அதில் விரிவாகக் கூறப்படுகின்றது. ஈரும் பேனும் குடியிருந்த கந்தலை உடுத்து வந்த பொருநனுக்கு மன்னன் நுண்ணிய ஆடை நல்கினான். அருகே இருத்தி ஊட்டினான். சுட்ட இறைச்சியின் வெம்மை தாளாமல், பொருநன் அதை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்றான். பல நாள் ஊன் தின்றமையால், கொல்லை உழுத கொழுவைப்போல் அவன் பற்கள் மழுங்கின. விடைபெற்றபோது மன்னன் ஏழடி பின்சென்று வழியனுப்பினான். புலவர் உணவு வகைகளை அடுக்கியதோடு அமையவில்லை. உண்டவனின் வாயையும் பல்லையும் நோக்கினார். முன்னிருந்த வறுமையையும் மறவாமல் காட்டினார். அதனாலன்றோ அவ்விருந்து இன்றும் நம் கண்முன் நிற்கின்றது!

எல்லா விருந்தும் அரண்மனை விருந்தாதல் வேண்டுவதில்லை. தேன்கனிக்கோட்டைக்குத் தென்கிழக்கே உள்ள தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235-ஆம் பாட்டாக உள்ளது. நறவு சிறிதே கிடைப்பின் அஞ்சி அதனைப் புலவர்க்கே அளிப்பான். மிகுதியாயின் அவர் பாடக் கேட்டு உடன் பருகுவான். சோறு சிறிதாயினும் பலரோடு பகிர்ந்தே உண்பான். இவற்றை நினைந்து வருந்தும் ஔவையார், அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் துளைத்துச் சென்றது என்கின்றார். ஒருவன் இறந்தான், பலருடைய கலங்கள் வெறுமையாயின. விருந்தின் பெருமை அது நின்றுபோனபோதே முழுதும் விளங்கிற்று.

இன்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தொலிக்கும் தேன்கனிக்கோட்டையில், கோயில் திருவிழாவும் திருமணப் பந்தியும் எழுதக் கற்கும் மாணவர்க்குச் சிறந்த களங்களாகும். இலையில் இட்டவற்றை எண்ணுதல் எளிது. இட்ட கை யாருடையது, முதலில் யார் அமர்ந்தனர், யார் பசியோடு வாயிலில் நின்றனர், சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு இல்லாதவர் யார் என நோக்குதலே அரிது. அவ்வாறு நோக்குபவன் எழுதும் களியுருண்டையும் கீரைக்குழம்பும் மன்னர் விருந்தினும் சுவையுடையனவாகும். நாவால் சுவைப்பதோடு நில்லாமல் நெஞ்சாலும் நோக்குபவனுக்கே விருந்து இலக்கியமாகின்றது.