வழியை நினைவில் வைக்கும் நொதி

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்றும் லாரித் தொழிலில் வளர்ந்த ஊர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட மாநிலங்கள் வரை போகின்றன. செல்போனில் வரைபடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, எந்த ஊர் தாண்டி எந்தப் பிரிவில் திரும்புவது என்பதெல்லாம் நம் டிரைவர்களுக்கு மனப்பாடம். இந்த அறிவுக்கு நாம் உரிய மதிப்பைக் கொடுத்ததில்லை.

வழியறிவைப் பதித்துக்கொள்வதில் மூளையின் முதன்மையான பகுதி, காதுகளுக்கு உட்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஹிப்போகாம்பஸ். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு அதன் பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினார் மகுவைர் குழு 2000-இல் காட்டியது. ஒரே தடத்தில் ஓடும் பஸ் ஓட்டுநர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை.

பதிக்கும் வேலையில் ஒரு நொதிக்குப் பெரும் பங்கு உண்டு: கேம்கைனேஸ்-2. புதிய இடத்தைக் கவனிக்கும்போது நரம்பணுவுக்குள் கால்சியம் பாய்கிறது. பாய்ந்த வேகத்திலேயே வடிந்தும் விடுகிறது. கால்சியம் பட்டதும் இந்த நொதியின் 12 அலகுகள் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. அதனால் கால்சியம் வடிந்த பின்பும் நொதி ஓயாமல் இயங்கி, நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்பை வலுவாக்குகிறது. சற்றுமுன் நடந்தது நினைவாக மாறத் தொடங்குவது இப்படித்தான்.

இதைச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். கலங்கல் நீரில் மூழ்கியிருக்கும் மேடையின் இடத்தைச் சுண்டெலி சில நாள் பயிற்சியில் நினைவில் வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள அடையாளங்களைப் பார்த்து நேரே நீந்திப் போய் ஏறிவிடும். இந்த நொதியின் ஒரு வகை இல்லாத சுண்டெலிகள் அதைக் கற்கத் திணறின என்று 1992-இல் ஆய்வாளர் அல்சினோ சில்வா கண்டார். 1998-இல் நொதியின் 286-ஆவது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஒரு மாற்றத்துக்கே இடம் கற்கும் திறன் போய்விட்டது.

நம் ஊருக்கு நெருக்கமான சேதி இனிமேல்தான் இருக்கிறது. நினைவு நிலைக்க சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளும் வேண்டும். அதைச் சிதைப்பது பாஸ்போடைஎஸ்டரேஸ்-4 என்ற இன்னொரு நொதி. சுண்டெலிகளை 5 மணி நேரம் தூங்க விடாமல் வைத்தபோது ஹிப்போகாம்பஸில் இந்த நொதியின் வேகம் கூடியது, சைக்ளிக் ஏஎம்பி குறைந்தது, இடத்தோடு ஒட்டிய நினைவும் மங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டெட் ஏபல் குழு 2009-இல் வெளியிட்ட முடிவு இது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. ஆனால் தூக்கம் கெட்டால் மனிதருக்கும் நினைவு தளரும் என்பதில் ஐயமில்லை. லாரி உரிமையாளர்களே, லோடு சேரும் நேரத்தைக் குறிக்கும்போது டிரைவர் தூங்கும் நேரத்தையும் அதில் சேர்த்துக் குறியுங்கள்.