முறுக்குவிசையும் குதிரைத்திறனும்

எஞ்சினின் தண்டு எவ்வளவு பலமாகத் திருகப்படுகிறது என்பதைக் காட்டுவது முறுக்குவிசை. இதன் அலகு நியூட்டன் மீட்டர். அந்தத் திருகல் எவ்வளவு விரைவாக வேலை செய்து முடிக்கிறது என்பதைச் சொல்வது குதிரைத்திறன். முறுக்குவிசையை நிமிடச் சுழற்சிகளால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் கிடைக்கும். எனவே சுழற்சியோடு இவற்றில் ஒன்று தெரிந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம்.

மலேசியச் சாலைகளுக்குப் பழக்கமான இரு வண்டிகளை ஒப்பிடலாம். ஹைலக்ஸ் 2.4 டீசல் பிக்கப்பின் முறுக்குவிசை 400. அதன் 150 குதிரைத்திறன் 3,400 சுழற்சியில் கிடைக்கிறது. 2007-இல் வந்த சிவிக் டைப் ஆரின் முறுக்குவிசை 215தான். ஆனால் 8,000 சுழற்சியில் 225 குதிரைத்திறன். அந்தந்த உச்சத்திறனில் ஹைலக்ஸின் முறுக்குவிசை சுமார் 310, சிவிக்கினுடையது சுமார் 198. இரண்டின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல, சிவிக்கின் கியர் 2.35 மடங்கு அதிகமாகக் குறைத்துக் கொடுக்கலாம். கியர் வேகத்தைக் குறைக்கும் அளவுக்கு முறுக்குவிசையைப் பெருக்கும். ஆகவே சிவிக்கின் சக்கரத்துக்கு 465 வருகிறது என்றால், ஹைலக்ஸுக்கு 310தான். கொடுக்கப்பட்ட வேகத்தில் காரைத் தள்ளுவது குதிரைத்திறனே.

அப்படியானால் முறுக்குவிசைக்கு என்ன வேலை? ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 1986-இல் திறக்கப்பட்ட 3.86 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் 1998-இல் மலேசிய மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தது. இத்தகைய தடத்தில் வளைவுதோறும் வேகம் இறங்கும். எஞ்சின் சுழற்சியும் இறங்கும். சிவிக் 6,100 சுழற்சிக்கு வரும்போது முறுக்குவிசை உச்சத்தில் இருந்தும் திறன் 187 ஆகிவிடுகிறது. கீழ்க் கியருக்கு மாறி 8,000-ஐ நெருங்கினால் அதே வேகத்தில் சுமார் 20 சதவீதம் கூடுதல் உந்துதல் கிடைக்கும். அதனால்தான் ஓட்டுநர் ஓயாமல் கியர் மாற்றுகிறார். முறுக்குவிசை கீழ்ச் சுழற்சியிலும் தாராளமாகக் கிடைக்கும் எஞ்சினுக்கு இந்த உழைப்பு குறைவு. 2006-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் டீசல் கார், ஆடி ஆர்10. 1,100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தந்த அதற்கு 5 கியர்களே போதுமாயின.

முறுக்குவிசைக்கு டயரின் பிடிமானமும் எல்லை வகுக்கிறது. மழை நனைத்த தடத்தில் கீழ்க் கியரில் எக்சலரேட்டரை முழுதாக மிதித்தால் சக்கரம் வீணாகச் சுழலும், கார் அதற்கேற்ப முன்னேறாது. நேர்ப்பாதையில் நிலைமை வேறு: காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக உயர்வதால், உச்ச வேகத்தை நிர்ணயிப்பது குதிரைத்திறன்.