450 ஆண்டு பழைய கவுனை இன்று தைப்பது எப்படி? ஓவியம் காட்டாத முதுகுப்பக்கத்தைத் தேடும் ஒரு பொழுதுபோக்கு

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள உஃபிசி அருங்காட்சியகத்தில் ஒரு புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. புளோரன்ஸ் டியூக்கின் மனைவி எலியனோரா, தன் சின்ன மகனோடு அமர்ந்திருக்கிறார். 1545 வாக்கில் புரோன்சினோ வரைந்தது. பார்க்கிறவர்களின் கண் முகத்தைவிட உடையில்தான் அதிக நேரம் நிற்கும். வெளிர்நிறப் பட்டில் கறுப்புக் கொடிகள், நடுவே பொன்னிழையில் மாதுளை வடிவங்கள் என ஒவ்வொரு மடிப்பையும் தொட்டுப் பார்த்துவிடலாம் போல வரைந்திருக்கிறார்.

அந்த மாதிரி உடையைத் தானே வெட்டி, தானே தைத்து, உடுத்திப் பார்க்க ஆசைப்படும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க உண்டு. பகலில் வேறு வேலை. ராத்திரியில் ஊசி நூல். ஆனால் முதல் நாளே அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்து நிற்கும். இந்த கவுனை எப்படிப் போட்டார்கள்? எந்தப் பக்கம் திறக்கும்? கொக்கியா, நாடாவா? உள்ளே என்ன இருந்தது?

ஓவியம் முன்பக்கத்தை மட்டும்தான் காட்டும். முதுகுப்பக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி வேலை.

எப்போது தொடங்கியது இந்த ஆர்வம்?

ஐரோப்பாவில் சுமார் 14-ம் நூற்றாண்டு முதல் 17-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான காலத்தை மறுமலர்ச்சிக் காலம் என்கிறோம். நாடக மேடைக்காகவும் மாறுவேட விருந்துக்காகவும் அந்தக் கால உடைகளைத் தைப்பது முன்பே இருந்ததுதான். அது சாதாரண மக்களின் பொழுதுபோக்காகப் பெருகியது 1960-களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில்.

1963-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட, மறுமலர்ச்சிக் காலச் சந்தை மாதிரி ஒரு திருவிழாவை நடத்தினார்கள். இன்று அமெரிக்கா முழுக்க நடக்கும் 'ரெனைசான்ஸ் ஃபேர்'களுக்கு அதுதான் தொடக்கம். 1966 மே மாதம் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த விருந்திலிருந்து 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்ற அமைப்பு பிறந்தது. அதன் நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் 17-ம் நூற்றாண்டுக்கு முந்தைய உடையை உடுத்த ஒரு முயற்சியாவது செய்திருக்க வேண்டும் என்பது விதி. 'முயற்சியாவது' என்ற அந்த ஒரு சொல்தான் தையல் தெரியாத பலரையும் கத்தரிக்கோல் எடுக்க வைத்தது.

ஓவியம் சொல்லாததைச் சொன்னது யார்?

ஒரு கல்லறை. எலியனோரா 1562-ல் இறந்தார். 1857-ல் அவரது கல்லறையைத் திறந்தார்கள். ஓவியத்தில் இருக்கும் அதே உடையோடுதான் அவரைப் புதைத்தார்கள் என்ற நம்பிக்கை நீண்ட காலம் இருந்தது. 1983-ல் தொடங்கி சுமார் 10 ஆண்டுகள் நிபுணர்கள் அந்தத் துணித்துண்டுகளைச் சுத்தம் செய்து அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது, அது வேறு உடை. வெல்வெட் பட்டைகள் வைத்துத் தைத்த, ஓவியத்தில் இருப்பதைவிட எளிமையான சாட்டின் கவுன்.

ஆனால் தைக்கிறவர்களுக்கு அந்த மட்கிய துணிதான் பொக்கிஷம். கவுனின் மேல்பகுதி முதுகின் இரண்டு ஓரங்களிலும் நாடா கோத்து இறுக்கும்படி தைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு நேரம் ஓவியத்தைப் பார்த்தாலும் இந்தத் தகவல் கிடைத்திருக்காது. உள்ளே உடலை ஒட்டிய சிவப்பு வெல்வெட் ரவிக்கை ஒன்றும் இருந்தது. கம்பி வைத்து இறுக்கும் கார்செட் இல்லை. 'அந்தக் காலப் பெண்கள் எல்லோரும் மூச்சுத் திணறத் திணற கார்செட் போட்டார்கள்' என்று சினிமா பார்த்து நம்புகிறவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

இந்தத் தகவல்களைத் தையல்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் அர்னால்ட் (1932–1998). ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் பழைய உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து, கட்டம் போட்ட தாளில் பேட்டர்னாக வரைந்தார். 1560 முதல் 1620 வரையிலான உடைகள் பற்றிய அவரது 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன் 3' 1985-ல் வெளிவந்தது. எலியனோராவின் கவுனும் அதில் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் அலமாரியில் முதல் இடம் இந்தப் புத்தகத்துக்குத்தான்.

எத்தனை அடுக்கு உடுத்தினார்கள்?

ஓவியத்தில் ஒரே கவுனாகத் தெரிவது நிஜத்தில் பல துண்டுகள். முதலில் உடலை ஒட்டி ஒரு லினன் உள்ளுடை. ஆங்கிலேயர்கள் அதை 'ஸ்மாக்' என்றார்கள். அதன்மேல் உடலைப் பிடித்து நிற்கும் 'கர்டில்'. அதற்கும் மேல்தான் கவுன். கைப்பகுதிகூட தனித் துண்டு. தோளில் நாடாவால் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். ஒரு கவுனுக்கு இரண்டு ஜோடி கை இருந்தால் இரண்டு உடை மாதிரி!

இந்த அடுக்குகளுக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பட்டையும் வெல்வெட்டையும் துவைக்க முடியாது. லினனைத் துவைக்கலாம். வியர்வையும் அழுக்கும் லினனோடு நின்றுவிட்டால், விலை உயர்ந்த மேலாடை பல ஆண்டுகள் உழைக்கும். உள்ளே ஒன்றும் போடாமல் நேராக கவுனைத் தைத்து மாட்டிக்கொள்கிறவர்களுக்கு அது சரியாக உட்காராததன் காரணமும் இதில்தான் இருக்கிறது. மேலே தெரியும் வடிவம் கீழே இருக்கும் அடுக்குகளிலிருந்து வருகிறது.

கறுப்பு நூல், பொன் இழை

எம்பிராய்டரியில் புதியவர்கள் பெரும்பாலும் தொடங்குவது 'பிளாக்வொர்க்' வேலையில். வெள்ளை லினன் துணியில் கறுப்புப் பட்டு நூலால் போடும் கட்டங்கள், கொடிகள், இலைகள். ஹான்ஸ் ஹோல்பைன் 1536-ல் வரைந்த, இங்கிலாந்து ராணி ஜேன் சீமோரின் ஓவியத்தில் மணிக்கட்டு மடிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், இந்த வேலை தெளிவாகத் தெரியும். இந்தத் தையலுக்கே 'ஹோல்பைன் தையல்' என்று பின்னாளில் பெயர் வந்துவிட்டது.

செய்முறை எளிது. துணியின் இழைகளை எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கை மடிப்பின் உள்பக்கமும் வெளியே தெரியும் என்பதால் அது தேவைப்பட்டது.

ஒரு வேதனையும் உண்டு. அந்தக் காலத்துக் கறுப்புச் சாயத்தில் இரும்புச்சத்து கலந்திருந்தது. காலப்போக்கில் அது பட்டு நூலையே அரித்துவிட்டது. எஞ்சியிருக்கும் பல துணிகளில் இன்று நூல் இல்லை, ஊசி போன துளைகள் மட்டும் இருக்கின்றன. அந்தத் துளைகளை வைத்துத்தான் டிசைனைத் திரும்ப வரைகிறார்கள்.

அடுத்த கட்டம் பொன்னிழை வேலை. பட்டு நூலைச் சுற்றி மெல்லிய, பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றிய இழை அது. துணிக்குள் இழுத்தால் தகடு உரிந்துவிடும், பின்பக்கம் தங்கமும் வீணாகும். அதனால் இழையைத் துணியின் மேல் படுக்க வைத்து, வேறு மெல்லிய நூலால் அங்கங்கே பிடித்துத் தைப்பார்கள். ஜர்தோசி வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே பிடிபடும். இடையிடையே சமிக்கியும் முத்தும்.

இந்த டிசைன்கள் எல்லாம் மனப்பாடமாக வந்தவை இல்லை. 1520-களிலேயே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் எம்பிராய்டரி டிசைன் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. வெனிஸில் சேசரே வெசெல்லியோ 1590-ல் உலக உடைகள் பற்றியும், 1591-ல் லேஸ் டிசைன்கள் பற்றியும் புத்தகங்கள் போட்டார். 1580-ல் மாட்ரிட்டில் வெளிவந்த ஹுவான் டி அல்செகாவின் புத்தகம், துணி வீணாகாமல் எப்படி வெட்டுவது என்று தையல்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்டியது.

கழுத்தைச் சுற்றிய அந்த வெள்ளைச் சக்கரம்

ஷேக்ஸ்பியர் காலம் என்றதும் நினைவுக்கு வருவது கழுத்தைச் சுற்றி நிற்கும் 'ரஃப்'. பார்க்க அட்டையில் செய்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது பல மீட்டர் நீள லினன் பட்டை. ஒரு ஓரத்தை நெருக்கமாகச் சுருக்கி கழுத்துப்பட்டியில் தைத்துவிடுவார்கள்.

அதை நிற்க வைத்தது கஞ்சி! 1564-ல் டிங்கன் என்ற பெண் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்து கஞ்சி போடும் கலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கஞ்சி போட்ட பட்டையில் சூடான குச்சியைச் செருகி ஒவ்வொரு மடிப்பாக எட்டு வடிவத்தில் நிறுத்துவார்கள். துவைத்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. தானே ஒரு ரஃப் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதை அணிவது ஏன் பணக்காரத்தனத்தின் அடையாளமாக இருந்தது என்பது புரியும். துணியைவிட அதைப் பராமரிக்கும் வேலையாட்களின் நேரம்தான் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது.

'அசல்' என்றால் எதுவரை?

இந்த வட்டாரத்தில் ஓயாத சண்டை இது. திமிங்கில எலும்புக்குப் பதில் பிளாஸ்டிக் கேபிள் டை போடலாமா? உள் தையலுக்கு மெஷின் ஓட்டலாமா? பட்டுக்குப் பதில் பாலியஸ்டர்? பெரும்பாலானோர் நடுவழியில் நிற்கிறார்கள். வெளியே தெரியாத தையல் மெஷினில், தெரியும் தையல் கையால். கேபிள் டை பலருக்கும் ஓகே. ஒவ்வொரு தையலையும் எண்ணிக் குறை சொல்கிறவர்களுக்குக் கிண்டல் பெயர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. யாருடைய உடையைத் தைக்கிறோம்? யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று 1574-ல் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் ஆணையே போட்டார். ஊதா நிறப் பட்டும் பொன்னிழைத் துணியும் உச்சத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். இத்தகைய சட்டங்கள் 1604-ல் நீக்கப்பட்டன. இன்று யார் வேண்டுமானாலும் ராணியின் உடையைத் தைத்துக்கொள்ளலாம், தைக்கிறார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் எஞ்சியதும், ஓவியத்தில் இருப்பதும் அநேகமாகப் பணக்காரர்களின் உடைகள்தான். ஏழைகளின் துணி கிழியும் வரை உடுத்தப்பட்டது. லினன் கந்தலாகி, கடைசியில் காகித ஆலைக்குப் போனது.

அதனால்தான் 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' போர்க்கப்பல் முக்கியமானது. மாலுமிகளின் தோல் மேலாடைகளும், காலணிகளும், பின்னிய தொப்பிகளும் அதில் கிடைத்தன. இப்போது தொழிலாளியின் உடையைத் தைப்பவர்களும் கூடி வருகிறார்கள்.

பொழுதுபோக்கால் வரலாற்றுக்கு என்ன லாபம்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத் அருங்காட்சியகம், 17-ம் நூற்றாண்டு தொடக்கத்து எம்பிராய்டரி ஜாக்கெட் ஒன்றை 2007-ல் மறுபடி செய்யத் தொடங்கியது. 200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஊசி பிடித்தார்கள். 3,000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நடுவில் ஒரு தடங்கல். அந்த ஜாக்கெட்டுக்குத் தேவையான, பட்டும் பொன்னும் முறுக்கிய நூலை உலகில் யாருமே தயாரிக்கவில்லை. கடைசியில் அதைப் புதிதாகத் தயாரிக்க வைத்தார்கள். இன்று அந்த மாதிரி நூலை மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பவுலா ஹோத்தி தலைமையில் நடந்த ஆய்வுத் திட்டம், கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் என்ன உடுத்தினார்கள் என்று தேடியது. புளோரன்ஸில் தண்ணீர் விற்ற ஒருவரின் மேலாடையை ஆவணங்களை வைத்து மறுபடி தைத்தார்கள். பழைய காலுறைகளைப் பின்னிப் பார்க்கும் வேலையில் ஆய்வாளர்களோடு தன்னார்வப் பின்னல்காரர்களும் சேர்ந்தார்கள். எந்த ஊசி, எவ்வளவு நெருக்கம், எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் பின்னிய கைக்குத்தான் தெரியும்.

தொடங்க நினைத்தால்...

* முதலில் சின்னதாக: பிளாக்வொர்க் போட்ட புக்மார்க், சுருக்குப் பை, 'காய்ஃப்' என்ற தலைத்துணி. இழை எண்ணத் தெரியும்படி நெசவு சீராக உள்ள துணி வேண்டும்.

* முதல் உடை ஸ்மாக்: செவ்வகங்களும் முக்கோணங்களும்தான். துணி அநேகமாக வீணாகாது, அளவு சற்று முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

* கவுனுக்கு முன் ஒத்திகை: விலை குறைந்த காடா துணியில் வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்துத் திருத்திவிட்டு, பிறகு நல்ல துணியில் கத்தரி வைக்கலாம்.

* புத்தகங்கள்: ஜேனட் அர்னால்டின் வரிசை எடுத்த எடுப்பில் கஷ்டம். நினியா மிகைலாவும் ஜேன் மால்கம்-டேவிஸும் எழுதிய 'தி டியூடர் டெய்லர்' (2006) புதியவர்களுக்குச் சுலபம்.

* இலவசமாக: நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பழைய உடைகளின் படங்களும் டிசைன் புத்தகங்களும் கிடைக்கின்றன. மொபைலிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும்: ஒரு உடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஊர், பத்து இருபது ஆண்டு இடைவெளி, ஒரே வகை மனிதர் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. 1540-ன் புளோரன்ஸ் கவுனுக்கு 1590-ன் லண்டன் ரஃப் பொருந்தாது. அந்த முடிவை எடுத்துவிட்டால், எந்தப் புத்தகத்தைத் திறப்பது, எந்தத் துணி வாங்குவது என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.