சிற்றுருவில் பேருருவம்

பெரிய பொருளைச் சிறிதாகச் செய்து கண்முன் வைத்துப் பார்க்கும் விருப்பம் மனிதனோடு உடன் பிறந்ததாகும். புல்மோட்டைக் கடற்கரையிலே கரிய மணலை ஈரத்தோடு குவித்துக் கோட்டை கட்டும் சிறுவன், அதனைச் சுற்றி அகழியும் தோண்டுகிறான். அலை ஒன்று வந்து அகழியை நிரப்பும்வரை பொறுமையோடு காத்திருக்கிறான். நவராத்திரிக் கொலுவிலே பொம்மைகளின் நடுவே ஒரு சிற்றூரும் குளமும் தோன்றுகின்றன. நத்தார் காலத்திலே பாலன் குடிலுக்குள் பெத்தலகேம் நகரம் முழுவதும் அடங்கிவிடுகின்றது. தேர் என்பதும் வீதியில் உலாவரும் சிறு கோயிலேயன்றி வேறன்று. திராவிட முறையில் அமைந்த விமானத்தை உற்று நோக்குவோர் இன்னுமோர் உண்மையைக் காண்பர். அதன் ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக நிற்கும் கூடம், சாலை, பஞ்சரம் என்னும் உறுப்புக்கள் யாவும் சிறு சிறு கோயில்களின் வடிவங்களே. சிறியவை பல கூடிப் பெரியது ஒன்று ஆகும் கலையைத் தமிழ்ச் சிற்பிகள் நன்கு அறிந்திருந்தனர்.

இந்த விருப்பமே மேலைநாடுகளில் சிற்றுருப் பூங்கா என்னும் அமைப்பாக வளர்ந்தது. ஒரு நாட்டின் அல்லது ஒரு மாகாணத்தின் புகழ்பெற்ற கோட்டைகள், தேவாலயங்கள், மாளிகைகள், பாலங்கள் ஆகியவற்றை ஒரே அளவு விகிதத்தில் சிறிதாக்கித் திறந்தவெளித் தோட்டமொன்றில் நிறுத்திவைப்பதே சிற்றுருப் பூங்கா. இங்கிலாந்தில் பீக்கன்ஸ்பீல்ட் என்னும் ஊரில் ரோலண்ட் கலிங்ஹாம் என்ற கணக்காளர் தம் தோட்டத்தில் அமைத்த பெக்கன்ஸ்காட் என்னும் சிற்றூர் 1929 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் மதுரோடாம் என்னும் பூங்கா 1952 இல் எழுந்தது. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் நகரின் மினிமுண்டுஸ் 1958 இல் தோன்றியது.

இவை வெறும் விளையாட்டுக்காக அமைந்தவை அல்ல என்பது கருதத்தக்கது. மதுரோடாம் என்னும் பெயர் ஜார்ஜ் மதுரோ என்ற இளைஞனின் நினைவாக இடப்பட்டது. குராசோ தீவிற் பிறந்த யூதரான அவர், ஒல்லாந்தில் சட்டம் பயின்ற காலத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாட்டைக் காக்கப் போரிட்டுப் பின்னர் சிறைப்பட்டு, 1945 இல் டாஹவ் வதைமுகாமில் உயிர் நீத்தார். மகனை இழந்த பெற்றோர் அப்பூங்கா அமைவதற்குப் பொருள் உதவினர். அதன் வருவாய், காசநோயுற்ற மாணவர்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒரு நிலையத்திற்குப் பயன்பட்டது. ஒரு சிறுவர் உலகம் போலத் தோன்றும் இடத்தின் அடியிலே எத்துணைப் பெரிய துயரமும் எத்துணைப் பெரிய அறமும் புதைந்துள்ளன!

இனி, சிறிதாக்கும் முறை எத்தகையது என்பதைக் காண்போம். மதுரோடாம் முதலிய பூங்காக்கள் பலவற்றில் இருபத்தைந்தில் ஒன்று என்னும் விகிதம் கையாளப்படுகின்றது. ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் அங்கே இரண்டரை அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட பொம்மையாவான். ஆனால் நீளம் இருபத்தைந்தில் ஒன்றாகும்போது பரப்பும் அவ்வாறே குறையும் என்று எண்ணுதல் தவறு. பரப்பு 625 இல் ஒன்றாகச் சுருங்கும். ஓர் ஏக்கர் நிலம் ஏறத்தாழ 70 சதுர அடியில், அஃதாவது ஒரு சிறிய அறையின் தரையில், அடங்கிவிடும். கன அளவோ 15,625 இல் ஒன்றாகும். ஒரு நாட்டின் பெருமைகளை ஒரு தோட்டத்திற்குள் நிறுத்த முடிவதன் இரகசியம் இதுவே. எனினும் மலைகள் இக்கணக்கிற்குள் அடங்க மறுக்கும். 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையை இந்த விகிதத்தில் அமைத்தாலும் அது நூறு மீற்றருக்கு மேல் ஓங்கி நிற்குமன்றோ? ஆதலால் மலைகளைப் பொறுத்தமட்டில் சிற்றுரு அமைப்போர் விகிதத்தைக் கைவிட்டுக் கண்ணுக்கு இசைந்த குன்றொன்றை அமைத்துத் திருப்தியடைகின்றனர்.

சிறிதாக்க இயலாதவை வேறும் உண்டு. வெயிலும் மழையும் சுருங்கா. பெரிய கோபுரத்தின்மேல் விழும் அதே மழைத்துளிதான் சிறிய கோபுரத்தின்மேலும் விழுகின்றது. அங்கே அத்துளி ஒரு தலையளவு பருமனுடையதாகத் தோன்றும். மரத்தின் இலையும் அவ்வாறே. ஆதலாற் சிற்றிலைச் செடிகளைத் தேர்ந்து, அடிக்கடி கத்தரித்து, அவற்றைப் பெருமரங்களாக நடிக்கச் செய்கின்றனர். ஒன்பது அங்குலச் செங்கல் அங்கே ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்களவினதாகும். இரு செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்துக்கோடு மயிரிழையாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிற்றுரு செய்வோன் மூலக் கட்டடத்தைத் துல்லியமாக அளந்தாகவேண்டும். கண்மதிப்பினாற் செய்தது பொம்மையாகும். அளந்து செய்தது ஆவணமாகும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும்.

கோட்டைகளையும் தேவாலயங்களையுமே பெரும்பாலும் கொண்ட ஒரு மாகாணப் பூங்கா போலந்து நாட்டின் தென்மேற்கில் உள்ளது. கீழ்ச் சிலேசியா என்னும் அந்நிலத்தில், கொவாரி என்னும் சிற்றூரில், மூடப்பட்ட கம்பளத் தொழிற்சாலை ஒன்றின் வளவில் அது 2003 இல் திறக்கப்பட்டது. கொவாரி ஒரு சுரங்க ஊர். நெடுங்காலம் இரும்புத்தாதும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் யுரேனியமும் அங்கே அகழப்பட்டன. சுரங்கமும் ஆலையும் ஓய்ந்த ஊருக்கு அங்குள்ள சிற்றுருக்கள் புதியதோர் அடையாளத்தை அளித்தன. குன்றின்மேல் அமைந்த க்சியோன்ஷ் என்னும் பெருங்கோட்டை, 1675 இல் இடிவிழுந்து எரிந்து இன்றளவும் பாழாய் நிற்கும் ஹொய்னிக் கோட்டை, நோர்வே நாட்டிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து 1840களில் மலைச்சாரலில் மீண்டும் நிறுவப்பட்ட வாங் என்னும் மரத் தேவாலயம் ஆகியவற்றை அங்கே ஒரு பகற்பொழுதிற் பார்த்துவிடலாம்.

அந்நிலத்தின் வரலாறு சிந்தனைக்குரியது. பொகீமிய மன்னரும், ஹாப்ஸ்பர்க் மன்னரும், பிரஷ்ய மன்னரும் அதனை ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். 1648 இல் முப்பதாண்டுப் போர் ஓய்ந்தபின், கத்தோலிக்கப் பேரரசர் அங்கிருந்த புரட்டஸ்தாந்தர் மூன்று தேவாலயங்களைக் கட்டிக்கொள்ள இசைந்தார். ஆயினும் கல்லாலும் செங்கல்லாலும் கட்டலாகாது, நகர மதிலுக்கு வெளியே கட்டவேண்டும், கோபுரம் எழுப்பலாகாது, ஓராண்டிற்குள் முடிக்கவேண்டும் என விதித்தார். மரத்தாலும் களிமண்ணாலும் வைக்கோலாலும் எழுந்த அத்தேவாலயங்களுள் ஒன்று 1758 இல் தீக்கிரையாயிற்று. யாவோர், ஷ்விட்னிட்சா ஆகிய ஊர்களில் உள்ள ஏனைய இரண்டும் இன்றும் நிற்கின்றன. 2001 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. நெடுநாள் நில்லாது என்று கருதி அனுமதிக்கப்பட்டவை மூன்றரை நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டன.

1945 இல் அந்நிலம் ஜேர்மனியிடமிருந்து போலந்தின் கைக்கு மாறியது. அங்கு வாழ்ந்த ஜேர்மானியரிற் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். தாமும் தம் ஊர்களை இழந்து வந்த போலந்து மக்கள் அங்கே குடியேறினர். ஆகவே, கட்டியவர் ஒருவர், இன்று காப்பவர் வேறொருவர். இருந்தும் அக்கோட்டைகளையும் தேவாலயங்களையும் அங்குல அங்குலமாக அளந்து, சிறிதாக்கி, தம் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். பிறர் கட்டியதைப் பேணுவதனால் ஒருவருடைய உரிமை குறைவதில்லை. அவர் வாழும் மண்ணோடு அவருக்குள்ள உறவு ஆழமாகவே செய்கின்றது.

இவ்வுண்மை திருக்கோணமலை மாவட்டத்திற்கு மிகவும் பொருந்துவதாகும். புல்மோட்டையிலிருந்து ஏறத்தாழ 35 மைல் தெற்கே, கடலுள் நீண்டு நிற்கும் சுவாமிமலையை எண்ணிப் பார்க்கலாம். ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் அங்கு இருந்தது. மலையில் மூன்று கோயில்கள் இருந்தனவென்று 17 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதியுள்ளார். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா அவற்றை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். 1639 இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டொன்றில் மட்டும் அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், அவரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் கைக்கும் மாறியது. 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் பிடித்தனர். பின்னர் பிரெடரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டை வாயிற் கல்லில் பொறிக்கப்பட்ட இரட்டைக் கயல் இன்னும் அங்கே உள்ளது. 1950 இல் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956 இல் மலையடிக் கடலில் மூழ்கிய மைக் வில்சனும் ஆதர் கிளார்க்கும் செதுக்கப்பட்ட தூண்களைக் கண்டனர். 1963 இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. இன்று அடியவர் கோட்டை வாயிலைக் கடந்தே கோயிலுக்குச் செல்கின்றனர்.

இம்மலையைச் சிற்றுருவாக அமைக்கப் புகுந்தால், எந்த ஆண்டின் மலையை அமைப்பது? 1600 இன் மலையில் கோயில் உண்டு, கோட்டை இல்லை. 1700 இன் மலையிற் கோட்டை உண்டு, கோயில் இல்லை. இன்றைய மலையில் இரண்டும் உண்டு. ஒன்றை மட்டும் காட்டுவது பாதி உண்மையே. இந்த வினாவை எழுப்பி, மூன்று காலங்களையும் அருகருகே நிறுத்திக் காட்டக்கூடியது சிற்றுருவே. மெய்யான மலையிலே ஒரு காலம் மற்றொரு காலத்தை மூடிவிடுகின்றது.

சிற்றுருவின் மற்றொரு நன்மை, தரையில் நிற்பவனுக்குப் புலப்படாததைப் புலப்படுத்துவது. யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலோரம் நடப்பவன் நெடிய சுவரையே காண்பான். அது ஐங்கோண வடிவினது என்பதும், ஒவ்வொரு மூலைக் கொத்தளமும் பக்கத்துச் சுவரைக் காக்கவே முன்துருத்தி நிற்கின்றது என்பதும் மேலிருந்து நோக்கினாலன்றி விளங்கா. சிற்றுருவின் அருகில் நிற்கும் பத்து வயதுச் சிறுமி இதனை ஒரு நொடியில் அறிந்துகொள்வாள். ஆயினும் கல்லின் குளிர்ச்சியையும், மண்டபத்தின் எதிரொலியையும், சுவாமிமலையின் உச்சியிலிருந்து கடலை நோக்கும்போது உண்டாகும் நடுக்கத்தையும் எந்தச் சிற்றுருவும் தராது. ஆகவே சிற்றுரு மூலத்திற்குப் பதிலாகாது. மூலத்தை நோக்கி அழைத்துச் செல்லும் வழிகாட்டியே ஆகும்.

சில வேளைகளில் அவ்வாறு அழைத்துச் செல்ல மூலமே இல்லாது போவதும் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவிற் கட்டிய தேவாலயம் 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்துபட்டது. கொழும்பில் 1757 இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்பெந்தால் தேவாலயம் இன்றும் வழிபாட்டிற்குரியதாய் நிற்கின்றது. ஒரே மக்கள் கட்டிய இரண்டு ஆலயங்கள். ஒன்று கல்லாக இருக்கின்றது, மற்றொன்று படமாகவும் வரைபடமாகவும் மட்டுமே எஞ்சியுள்ளது. அளந்து வைக்கப்பட்ட கட்டடம் இடிந்தாலும் அதன் வடிவம் அழிவதில்லை. அளக்கப்படாத கட்டடம் இடியும்போது இரண்டு முறை அழிகின்றது.

எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதே இத்தகைய முயற்சியின் பெரும் பொறுப்பு. இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். புல்மோட்டைக்குத் தெற்கே திரியாயில் குன்றின்மேல் அமைந்த பழைய பௌத்த வட்டதாகை உள்ளது. அங்குள்ள கல்வெட்டோ வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்தது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் கோட்டையும் ஒரே கடற்கரையில் நிற்கின்றன. தோட்டத்தில் இடம்பெறாதது காலப்போக்கிற் குழந்தையின் நினைவிலும் இடம்பெறாது. எனவே அளவுகோல் நேர்மையாக இருத்தல் போல, தேர்வும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

புல்மோட்டைக்கு இதில் எதிர்பாராத ஒரு பங்கும் உண்டு. அதன் கரிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்னும் கனியங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்க 1957 இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் பெறப்படும் டைட்டேனியம் ஈரொட்சைட்டே உலகெங்கும் வெண்ணிறப் பூச்சுக்களுக்கு அடிப்படை. வெயிலிலும் மழையிலும் நிற்கும் வெண்மாடங்களுக்கு ஒளியூட்டுவது இத்தகைய கரிய மணலிற் பிறக்கும் வெண்மையே.

பூங்கா அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் அளப்பதற்கு ஓர் அளவு நாடாவும், ஒரு கொப்பியும், இரண்டு மாணவரும் போதும். ஊரிலுள்ள பழைய பள்ளிவாசலின் வாயில், கோயிலின் மண்டபம், தேவாலயத்தின் சாளரம், கைவிடப்பட்ட மடத்தின் திண்ணை ஆகியவற்றின் நீள அகலங்களைக் குறித்து, வரைந்து, நாளிட்டு வைப்பது எந்தப் பாடசாலைக்கும் இயலாத காரியம் அன்று. கோணேசர் கோயிலை இடிப்பதற்கு முன்னர் அவ்வாறு முழுமையாக அளந்து வைத்த ஏடொன்று கைக்கு எட்டியிருந்தால், இன்று ஆராய்ச்சியாளர் கடலடியிலும் கிணற்றடியிலும் அதன் உருவத்தைத் தேடவேண்டியிராது. நிற்கும் கட்டடத்தை நிற்கும்போதே அளந்து வைத்தல் வரும் தலைமுறைக்குச் செய்யும் பேருதவியாகும்.